மூன்று சுழலா, இரண்டு சுழலா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்தியத் துணைக்கண்டத்துக்கு டெஸ்ட் ஆட வரும் வெளிநாட்டு அணியை எப்படிப் பொறுக்குவது என்று சென்ற முறை பேச்சுவாக்கில் நான்கு வரி எழுதியிருந்தேன். மதுரை வட்டாரம் முழுக்கத் தேர்வாளர்கள் ஆகிவிட்டது. வந்த கேள்விகளில் சில:

மூன்று சுழற்பந்து வீச்சாளர்களை இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. இதில் என்ன குழப்பம்? (மேலூர்)

நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் உண்டு. 2012இல் இங்கிலாந்து அகமதாபாத்தில் மூன்று வேகப்பந்து வீச்சாளர்களை வைத்துக்கொண்டு, முழுநேரச் சுழலுக்கு ஸ்வான் ஒருவரையே நம்பியது. ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. அடுத்து மும்பையில் பனேசரைச் சேர்த்தார்கள். அவருக்கு 11, ஸ்வானுக்கு 8. இருபதில் பத்தொன்பது விக்கெட். அந்தத் தொடரையே 2-1 என்று வென்று போனார்கள்.

ஆனால் மூன்றாவது சுழல் என்றதும் நான் கேட்பது ஒன்றுதான்: அவருக்கு பேட் பிடிக்கத் தெரியுமா? தெரியாதென்றால் எட்டாவது இடத்திலிருந்தே வால், அதாவது பேட்டிங் தெரியாதவர்கள் வரிசை, தொடங்கிவிடும். 2025 நவம்பரில் குவாஹாட்டியில் தென்னாப்பிரிக்கா இறங்கிய விதத்தைப் பாருங்கள். ஹார்மர், மகராஜ், முத்துசாமி என்று மூன்று சுழல். ஏழாவதாக வந்த முத்துசாமி 109, ஒன்பதாவதாக வந்த யான்சன் 93. அதே யான்சன் வேகத்தில் 48 ரன்னுக்கு 6 விக்கெட், ஹார்மர் சுழலில் 37 ரன்னுக்கு 6 விக்கெட். 408 ரன் வித்தியாசத்தில் வெற்றி. பந்துவீச்சைக் கூட்டியும் பேட்டிங் குறையவில்லை. அணிச் சமநிலை என்று நான் சொல்வது இதைத்தான்.

ஷேன் வார்ன் இங்கே அடி வாங்கினார். ஓ'கீஃபும் சான்ட்னரும் அள்ளிக்கொண்டு போனார்கள். இது என்ன நியாயம்? (பொறியியல் மாணவர், திருமங்கலம்)

எனக்கும் வருத்தம்தான். வார்னின் மொத்தச் சராசரி, அதாவது ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன், 25. இந்தியாவில் மட்டும் 43. அவர் என்ன செய்வார் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. 1998 சென்னை டெஸ்டுக்கு முன்னால் சச்சின், லெக் ஸ்டம்ப்புக்கு வெளியே ஆடுகளத்தைக் கிளறிவிட்டு, அந்தப் பள்ளத்தில் முன்னாள் லெக் ஸ்பின்னர் சிவராமகிருஷ்ணனை வீசச் சொல்லிப் பயிற்சி எடுத்தார். பிறகு ஆட்டமிழக்காமல் 155.

ஆஸ்திரேலியாவின் இடக்கைச் சுழல் ஓ'கீஃபுக்கு 2017 புனேயில் இரண்டு இன்னிங்ஸிலும் 35 ரன்னுக்கு 6 விக்கெட். அதே புனேயில் 2024இல் நியூசிலாந்தின் இடக்கைச் சுழல் சான்ட்னர் எடுத்தது 13. இருவரும் பந்தை அதிகம் திருப்புகிறவர்கள் அல்லர். ஒரே பிடியில் வீசிய பந்து ஒன்று திரும்பும், அடுத்தது நேராகப் போகும். எது எதுவென்று வீசியவருக்கே தெரியாது. பிறகு பேட்ஸ்மேனுக்கு எப்படித் தெரியும்? எல்லாப் பந்தும் ஸ்டம்ப்பை நோக்கியே வந்தால் போதும்.

நான் இங்கே லீக் ஆடிய காலத்தில் ஆடுகளத்தின் மேல் விரிக்கும் தேங்காய் நார்ப் பாய், மேட்டிங்தான். காலையில் இரண்டு பேர் ஒரு முனையைப் பிடித்து இழுக்க, மூன்றாமவர் ஆணி அடிப்பார். எங்கள் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் பக்கத்தில் நின்று, "ரொம்ப இழுக்காதீர்கள்" என்பார். தளர்ந்த மேட்டிங்கில் பந்து கடித்துக்கொண்டு ஒரு முழம் திரும்பும். ஸ்லிப்பில் நிற்பவர் தலையில் கை வைப்பார், நடுவர் புன்னகைப்பார், விக்கெட் மட்டும் விழாது. ஆணி இறுக்கமாக விழுந்த நாட்களில்தான் அவருக்கு ஐந்தும் ஆறும் கிடைத்தன. கடைசிவரை அவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

வேகப்பந்து வீச்சாளர்கள் இங்கே வெறும் பந்தைத் தேய்த்துக் கொடுக்கும் ஆட்கள்தானே? (செல்லூர்)

இல்லை. நான் மேலே சொன்ன 2012 தொடரில் ஆண்டர்சனுக்கு 12 விக்கெட். இரு அணிகளுக்கும் இடையே வித்தியாசம் அவர்தான் என்று தோனியே சொன்னார். 2004இல் ஆஸ்திரேலியா இங்கே தொடரை வென்றது மெக்ராத், கில்லெஸ்பி, காஸ்பரோவிச் என்ற மூன்று வேகங்களை வைத்து. கில்லெஸ்பிக்கு மட்டும் 20 விக்கெட். வறண்ட களத்தில் பந்து சீக்கிரம் ஒரு பக்கம் சொரசொரப்பாகும். ரிவர்ஸ் ஸ்விங் வரும், அதாவது பழைய பந்து காற்றில் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக வளையும். அதைப் பயன்படுத்தத் தெரிந்தவரை எடுங்கள். புதுப்பந்தில் நான்கு ஓவர் ஸ்விங் செய்துவிட்டு மதியம் எல்லைக்கோட்டில் தண்ணீர் பாட்டிலோடு நிற்பவர் வேண்டாம்.

விக்கெட் கீப்பராக பேட்டிங் தெரிந்தவரை எடுப்பதா, கை சுத்தமானவரையா? (உடற்கல்வி ஆசிரியை, உசிலம்பட்டி)

இங்கே என்றால் கை சுத்தமானவர். நாளொன்றுக்கு அறுபது ஓவருக்கு மேல் ஸ்டம்ப்பை ஒட்டி உட்கார்ந்து எழ வேண்டும். உங்கள் மாணவிகளுக்கு ஒன்று சொல்லுங்கள்: பந்து எழும்பும்போதுதான் கையுறையும் எழ வேண்டும், அதற்கு முன்னால் எழுந்தால் தாழ்ந்து வரும் பந்து காலிடுக்கில் போய்விடும். 2024இல் இங்கிலாந்து, பேர்ஸ்டோவை வெறும் பேட்ஸ்மேனாக ஆடவிட்டு, கையுறையை ஃபோக்ஸிடம் கொடுத்தது. ஹைதராபாத்தில் கடைசி நேரத்தில் அஸ்வினும் சிராஜும் சுழற்பந்து வீச்சாளர் ஹார்ட்லி பந்தில் ஃபோக்ஸிடம் ஸ்டம்பிங் ஆனார்கள். இங்கிலாந்து வென்ற வித்தியாசம் 28 ரன்.

ஸ்வீப் ஆடத் தெரிந்தவர்களாகப் பார்த்து எடுத்தால் என்ன? (வாடிப்பட்டி)

2001 சென்னையில் ஹேடன் 203 அடித்தார். பாதி உழைப்பு ஸ்வீப்தான், முழங்காலை ஊன்றிப் பந்தைக் கால்பக்கம் பெருக்கித் தள்ளும் அடி. அதை நம்பி 2023 டெல்லியில் ஆஸ்திரேலியர்கள் ஆளுக்கு ஆள் மண்டியிட்டார்கள். ஒரு விக்கெட்டுக்கு 61 என்று காலையில் தொடங்கி 113இல் சுருண்டார்கள், ஜடேஜாவுக்கு 7. ஹேடன் வருவதற்கு முன்பே அந்த அடியைப் பழகி வந்தவர். பந்து தாழ்ந்து வரும் களத்தில் பாதியில் கற்றுக்கொண்டு ஆடக்கூடியதல்ல அது. எனக்குப் பிடித்தவர் பின்காலில் நன்றாக ஆடும் பேட்ஸ்மேன். அப்படிப்பட்டவர்கள் இப்போது குறைவு.

டாஸ் தோற்றால் எந்த அணியாக இருந்தாலும் காலிதானே? (அலங்காநல்லூர்)

2012 மும்பை, கொல்கத்தா, 2023 இந்தூர். மூன்றிலும் டாஸ் வென்று முதலில் பேட் செய்தது இந்தியா. மூன்றிலும் தோற்றதும் இந்தியா.

பாகிஸ்தானுக்கும் இதே அணி போதுமா? (சோழவந்தான்)

2024 முல்தானில் முதல் டெஸ்டில் இங்கிலாந்து 7 விக்கெட்டுக்கு 823. அடுத்த டெஸ்டுக்குப் பாகிஸ்தான் அதே ஆடுகளத்தையே மறுபடி பயன்படுத்தியது. சுழற்பந்து வீச்சாளர்கள் நோமன் அலியும் சாஜித் கானும் இருபது விக்கெட்டையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒரே மண், இடைவெளி சில நாட்கள். ஆகவே பதினாறு பேரை அழைத்துப் போங்கள். பதினொருவரைக் களத்தைப் பார்த்த பிறகு எழுதுங்கள்.

சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடந்தால் ஒரு நாள்தான் விடுப்பு கிடைக்கும். எந்த நாள் போகலாம்? (அண்ணா நகர், மதுரை)

மூன்றாம் நாள். முதல் நாள் களம் எல்லாருக்கும் நல்லபிள்ளையாக இருக்கும். ஐந்தாம் நாள் ஆட்டம் இருக்குமா என்பதே சந்தேகம். முந்தைய இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலையில் கொண்டுபோய் இறக்கிவிடும். மதியம் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் இருக்கைக்குத் திரும்புங்கள். பந்து நாற்பது ஓவர் பழசாக இருக்கும், முதல் இரண்டு பந்துவீச்சாளர்களும் களைத்திருப்பார்கள். கேப்டன் ஐந்தாவது பந்துவீச்சாளரைத் தேடித் தலையைத் திருப்புவார் பாருங்கள், அந்த நேரத்தில் கேண்டீன் பக்கம் போய்விடாதீர்கள்.