காலியாக நிற்கும் சிலோவைத்தான் காற்று சாய்க்கும்

கேள்வி: பழைய மரச் சிலோ (தீவனம் சேர்த்து வைக்கும் உயரமான உருளைக் கட்டுமானம்) ஒன்றைப் பலகை பலகையாகப் பிரித்து வாங்கி வந்திருக்கிறேன். குறுக்களவு 4 மீட்டர், உயரம் 9 மீட்டர். பலகைகள் 5 செ.மீ. கனம், 15 செ.மீ. அகலம். சைலேஜ், அதாவது புளிக்கவைத்த பசுந்தீவனம், போட்டு வைக்கத்தான். முன்பு நின்ற இடத்தில் பலகைகளின் அடியைக் கான்கிரீட்டுக்குள் புதைத்திருந்தார்கள். அந்த அடி முழுக்க அழுகிப்போனதால் வெட்டி எறிந்துவிட்டேன். இப்போது புதிதாக அஸ்திவாரம் போடப் போகிறேன். "நிரம்பினால் எழுபது டன் எடை. எங்கே போகப்போகிறது? பேருக்கு நான்கு போல்ட் போதும்" என்கிறார் கொத்தனார். போதுமா?

பதில்: போதாது. எழுபது டன் கணக்கில் தவறில்லை. நிரம்பிய சிலோவைக் காற்றால் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் சரிதான். ஆனால் சிலோ வருடம் முழுக்க நிரம்பியே இருப்பதில்லை. தீவனம் தீர்ந்து, வெயிலில் பலகைகள் காய்ந்து சுருங்கி, இரும்பு வளையங்கள் தளர்ந்து நிற்கிற மாதங்கள் வரும். ஆபத்து அப்போதுதான். காலியாக நிற்கும் நாளில் வரும் காற்றை நினைத்துத்தான் அஸ்திவாரமும் போல்ட்டும் போட வேண்டும்.

உங்கள் அளவுகளை வைத்தே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 மீட்டர் வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 12.5 மீட்டர். அதை 9 மீட்டர் உயரத்தாலும் 5 செ.மீ. கனத்தாலும் பெருக்கினால் சுமார் 5.6 கன மீட்டர் மரம். கன மீட்டருக்கு 500 கிலோ என்று வைத்தால் 2.8 டன். வளையங்களையும் கூரையையும் சேர்த்து 3.3 டன் என்று கொள்வோம். காலி சிலோவின் மொத்த எடை அவ்வளவுதான்.

இப்போது காற்று. நொடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 100 கிலோ அழுத்தம் தரும். காற்றுக்கு எதிரே நிற்கும் முகப்பு 4 × 9 = 36 சதுர மீட்டர். வட்ட வடிவம் என்பதால் காற்றின் ஒரு பங்கு வழுக்கிப் போய்விடும். அதற்காக 0.8 ஆல் பெருக்கினால் 2.9 டன் தள்ளுவிசை. அது நடு உயரத்தில், 4.5 மீட்டரில் தள்ளுவதாகக் கொண்டால் கவிழ்க்கும் திறன் (விசை × தூரம்) 13 டன்-மீட்டர். சிலோவின் சொந்த எடை, மையத்திலிருந்து விளிம்பு வரையான 2 மீட்டரை வைத்து, அதை எதிர்ப்பது 3.3 × 2 = 6.6 டன்-மீட்டர் மட்டும். பாதிக்குப் பாதிதான். மீதி முழுவதையும் நீங்கள் போடும் பிடிப்புகள்தான் தாங்க வேண்டும்.

காற்று வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். அதனால் உங்கள் பகுதிக்குக் கட்டட விதிகள் எந்தக் காற்று வேகத்தைச் சொல்கின்றன என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அதை வைத்து ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் இந்தக் கணக்கை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். நான் இங்கே தரும் எண்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று காட்டுவதற்காகத்தான்.

வட்டமாக வைத்த போல்ட்டுகளில் காற்று வரும் பக்கத்தில் இருப்பதுதான் அதிகம் இழுபடும். மேலே சொன்ன கணக்கில், சிலோவின் எடையில் 60 சதவீதத்தை மட்டும் நம்பி, நான்கு போல்ட் வைத்தால் அந்த ஒன்றில் 2.7 டன்னுக்கு மேல் இழுப்பு வரும். எட்டு வைத்தால் 1.4 டன்னாகக் குறையும். 16 மி.மீ. சாதாரண போல்ட்டே 3.5 டன் வரை நீளாமல் தாங்கும். அப்படியானால் நான்கும் தாங்கிவிடுமே என்று தோன்றும். இரும்பு தாங்கும், மரம் தாங்காது. விஷயமே இங்கேதான் இருக்கிறது.

உங்கள் சிலோவின் சுவர் ஒரே துண்டு அல்ல. 15 செ.மீ. பலகைகள் ஏறத்தாழ 84 வட்டமாக நிற்கின்றன. அவற்றைச் சேர்த்து வைத்திருப்பது வளையங்களின் இறுக்கம் மட்டுமே. நான்கு பலகைகளில் போல்ட் மாட்டினால் நீங்கள் பிடித்திருப்பது நான்கு பலகைகளை. மற்ற 80 பலகைகளும் பக்கத்துப் பலகையோடு உள்ள உராய்வை நம்பித்தான் நிற்கின்றன. வளையம் தளர்ந்த நாளில் அந்த உராய்வும் இருக்காது. பலமான காற்றில் போல்ட் மாட்டிய பலகையின் அடி பிளந்து, அந்தத் துண்டு மட்டும் போல்ட்டோடு நிற்க, சுவர் போய்விடும். போல்ட்டைப் பெரிதாக்கி இதைத் தடுக்க முடியாது.

அதனால் நான் சொல்லும் முறை இது. சுவரின் வெளிப்பக்கம், அடியில், 100 × 100 × 10 மி.மீ. ஆங்கிள் இரும்பை (எல் வடிவ இரும்பு) சுவரின் வளைவுக்கு ஏற்ப வளைத்து, எட்டுத் துண்டுகளாகச் சுற்றிலும் வையுங்கள். துண்டுக்கும் துண்டுக்கும் இடையே 4 அல்லது 5 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். ஆங்கிளின் நிற்கும் கால் சுவரோடு ஒட்டியிருக்கும், படுக்கும் கால் வெளியே நீண்டிருக்கும். ஒவ்வொரு பலகையும் நிற்கும் காலோடு ஒரு 12 மி.மீ. போல்ட்டால் இணைய வேண்டும். ஒவ்வொரு துண்டும் பத்துப் பதினோரு பலகைகளைச் சேர்த்துப் பிடிக்கும். அப்புறம் அந்தத் துண்டுகளை நங்கூர போல்ட்டுகள் அஸ்திவாரத்தோடு பிடிக்கும்.

மரத்தில் போடும் ஓட்டை பலகையின் கீழ்நுனிக்கு மிக அருகே வந்துவிடக் கூடாது. போல்ட் விட்டத்தின் 7 மடங்காவது தள்ளியிருக்க வேண்டும். 12 மி.மீ. போல்ட்டுக்கு அது 84 மி.மீ. 100 மி.மீ. கால் உள்ள ஆங்கிளில் அது விளிம்பை ஒட்டி வந்துவிடும். ஆகவே நிற்கும் காலின் மேல் 6 மி.மீ. கனத் தகட்டை வெல்டிங் செய்து 20 செ.மீ. உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு, நுனியிலிருந்து 15 செ.மீ. மேலே ஓட்டை போடுங்கள். போல்ட்டின் உருண்டைத் தலை உள்பக்கமும் நட் வெளிப்பக்கமும் வரட்டும். உள்ளே எதுவும் துருத்திக்கொண்டிருந்தால் சைலேஜ் இறங்கும்போது அங்கே தட்டி நிற்கும், காற்றுப் பை உண்டாகும், அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும்.

ஓட்டைகள் வட்டமாக இருக்கக் கூடாது என்பது இந்த வேலையின் உயிர்நாடி. மரம் ஈரம் குடித்தால் நீளவாக்கில் அசையவே அசையாது என்று சொல்லலாம். அகலவாக்கில்தான் உப்பும். காய்ந்த நிலையிலிருந்து ஈரமாகும்போது அகலம் 2 சதவீதம் கூடினாலும், தடையில்லாவிட்டால் 12.5 மீட்டர் சுற்றளவு 25 செ.மீ. நீளும். வளையங்கள் அதில் பெரும்பகுதியை அடக்கிவிடும், மீதி எங்காவது போயாக வேண்டும். நிற்கும் காலில் ஓட்டைகளைக் கிடைவாக்கில் நீட்டமாக, 14 × 40 மி.மீ. அளவில் வெட்டுங்கள். படுக்கும் காலில் நங்கூர போல்ட்டுக்கான ஓட்டையைச் சிலோவின் மையத்தை நோக்கி நீட்டமாக வெட்டுங்கள். இப்படிச் செய்தால் சுவர் உப்பவும் சுருங்கவும் இடமிருக்கும், மேலே எழும்ப மட்டும் இடமிருக்காது. இதைச் செய்யாமல் இறுக்கிக் கட்டினால், முதல் முறை சைலேஜ் போட்டதுமே பலகைகள் போல்ட் ஓட்டை வழியாகப் பிளக்கத் தொடங்கும்.

இனி அஸ்திவாரம். போல்ட் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், அது பிடித்திருக்கும் கான்கிரீட் போதுமான எடை இல்லாவிட்டால் எல்லாமும் சேர்ந்து சாயும். 45 செ.மீ. அகலம், 75 செ.மீ. ஆழத்தில் சுற்றிலும் வளையமாகப் போட்டால் ஏறத்தாழ 4.2 கன மீட்டர், அதாவது 10 டன் கான்கிரீட். காலி சிலோவின் எடையில் 60 சதவீதத்தையும் அஸ்திவார எடையில் 60 சதவீதத்தையும் மட்டுமே நம்பினாலும் மேலே சொன்ன காற்றுக்கு இது தாங்கும். உள்ளே நீள்கம்பிகளைச் சுற்றி வைத்து, குறுக்குக் கம்பி வளையங்களால் கட்டுங்கள்.

நங்கூர போல்ட் 20 மி.மீ. கனத்தில், சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாக இருக்கட்டும். கணக்குக்கு 16 போதும். மற்ற 4 மி.மீ. துருவுக்காக. அடியில் எல் வடிவத்தில் வளைத்த போல்ட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். பலமாக இழுபட்டால் அந்த வளைவு நிமிர்ந்து, போல்ட் உருவிக்கொண்டு வரும். நேரான போல்ட்டின் அடியில் சதுரத் தகடு ஒன்றை நட் போட்டு மாட்டி, அதைக் கம்பிக் கூட்டுக்குள் 45 செ.மீ. ஆழத்துக்கு இறக்குங்கள். இழுக்கும்போது கான்கிரீட் கூம்பு வடிவில் பெயரும். ஆழம் இரட்டித்தால் அந்தக் கூம்பின் பிடிப்பு ஏறத்தாழ 2.8 மடங்காகும். விளிம்புக்குப் பக்கத்தில் போல்ட் இருந்தால் கூம்பு முழுதாக உருவாகாது. அதனால் அகலத்தின் நடுப்பகுதியில் வையுங்கள். கான்கிரீட் ஊற்றும் முன் எல்லா போல்ட்டுகளையும் ஒட்டுப்பலகையில் ஓட்டை போட்ட ஒரு வார்ப்புச் சட்டத்தில் மாட்டி நிறுத்திவிடுங்கள். ஊற்றிய பிறகு கையால் செருகும் போல்ட் சாயும், அடியில் காற்றுக் குமிழும் நிற்கும்.

தீவனம் எடுக்க மேலும் கீழுமாக வைத்த கதவு வரிசை இருக்கும் பக்கத்தில் சுவரின் வட்டம் வெட்டுப்படுகிறது. அதன் இரு பக்கமும் ஒவ்வொரு போல்ட் கூடுதலாக வையுங்கள். ஆக மொத்தம் பத்து.

இப்போது அழுகல். நீங்கள் வெட்டி எறிந்த அடிப்பகுதிக்கு என்ன நடந்தது என்பது தெளிவாகவே தெரிகிறது. மரத்தின் நுனிமுகம் நீரை உறிஞ்சும் குழாய்களின் வாய். பக்கவாட்டில் நுழைவதைவிடப் பல மடங்கு வேகமாக நீர் அதன் வழியே ஏறும். அதைக் கான்கிரீட்டில் புதைப்பது, தண்ணீர் நிற்கும் கிண்ணத்தில் வைப்பதற்குச் சமம். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அழுகல் பூஞ்சை வளராது. சைலேஜ் சுவரில் அது முழுதாக நடக்காது என்றாலும், அடியில் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.

பலகைகள் நிற்கும் கான்கிரீட் மேற்பரப்பு வெளித்தரையைவிட 25 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். உள் தரை அதைவிடத் தாழ்வாக இருந்து, ஒரு பக்கம் சாய்ந்து வடிகாலில் முடியட்டும். பலகை நிற்கும் கோட்டுக்கு வெளியே கான்கிரீட்டின் மேற்பரப்பை வெளிநோக்கிச் சரித்துவிடுங்கள். ஆங்கிளின் படுக்கும் கால் கான்கிரீட்டில் ஒட்ட வேண்டாம். நங்கூர போல்ட்டில் அடியில் ஒரு நட், மேலே ஒரு நட் போட்டு, விரலளவு இடைவெளியில் நிறுத்தினால் மழைநீர் அடியிலேயே ஓடிவிடும். மேல் நட் கழலாமல் இருக்க அதன்மேல் இன்னொரு நட் போட்டுப் பூட்டுங்கள். பலகையின் வெட்டு நுனிக்கு இரண்டு கை எபாக்சி (நீர் புகாத பிசின் பூச்சு) பூசி, அடியில் 5 மி.மீ. ரப்பர் தாள் வையுங்கள். தாள் பலகையின் கனத்தைவிட அகலமாக உள்ளே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டியிருந்தால் சாறு அதில் தேங்கும்.

சைலேஜ் சாற்றின் அமிலத்தன்மை பி.எச். 4 அளவில் இருக்கும். அது கான்கிரீட்டின் சிமெண்டையும் அரிக்கும், துத்தநாகப் பூச்சையும் அரிக்கும். பலகை போல்ட்டின் தலை உள்ளே சாற்றில் நனைவதால் அந்த 84 போல்ட்டும் துருப்பிடிக்காத எஃகில் இருப்பது நல்லது. இங்கே பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அந்த எஃகும் துத்தநாகம் பூசிய ஆங்கிளும் நேரடியாகத் தொட்டால், ஈரத்தில் துத்தநாகம் சீக்கிரம் கரையும். அதனால் இடையே நைலான் அல்லது ரப்பர் வாஷர் போடுங்கள். அழுகலைத் தடுக்க ஆர்செனிக் கலந்த மருந்தோ கிரியோசோட்டோ ஊட்டிய மரத்தை, தீவனம் தொடும் இடத்தில் எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். கால்நடை தின்னப்போவது அதைத்தான்.

உயரம் குறுக்களவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருப்பதால் இழுகம்பிகளும் போடச் சொல்வேன். முக்கால் உயரத்தில், நான்கு திசையிலும் நான்கு. அவற்றை ஒரு பலகையில் மாட்டாமல், அந்த உயரத்தில் தனியாகச் சுற்றிய கனமான வளையத்தில் மாட்டுங்கள். மறுமுனை தரையில் புதைத்த கான்கிரீட் கட்டைக்குப் போகட்டும், நடுவில் இறுக்கும் திருகு இருக்கட்டும். மரத்திலோ வேலிக்கால்களிலோ கட்ட வேண்டாம். கம்பியை வீணைத் தந்தி போல இறுக்கினால் அது சுவரைக் கீழே அழுத்தி வளைக்கும். தொய்வு போகும் அளவு இறுக்கினால் போதும்.

நிறுத்திய பிறகும் வேலை இருக்கிறது. காலியாகிக் காயத் தொடங்கியதும் சுவர் வளையங்களை இறுக்குங்கள். நிரப்பிய பின் மரம் உப்பும்போது வளையங்களைப் பார்த்து, தேவையானால் சற்றுத் தளர்த்துங்கள். நங்கூர நட்டுகளை முதல் மாத முடிவிலும், முதல் முறை காலியான பின்பும், ஒவ்வொரு பெருங்காற்றுக்குப் பின்பும் சாவி வைத்துப் பாருங்கள். காலியாக இருக்கும்போது கதவுகளை மூடியே வையுங்கள். திறந்த கதவு வழியாகக் காற்று உள்ளே புகுந்தால் கூரையை அடியிலிருந்து தூக்கும்.

உள்ளே இறங்கி போல்ட் பார்க்க வேண்டியிருந்தால் சிலோ காலியாக இருக்கும்போது மட்டும் இறங்குங்கள். அப்போதும் கீழ்க்கதவைத் திறந்து காற்றோட்டம் விட்டு, வெளியே ஒருவரை நிறுத்திவிட்டுத்தான். புதிதாக நிரப்பிய சிலோவில் முதல் மூன்று வாரம் நைட்ரஜன் டை ஆக்சைடு வாயு தங்கும். அது காற்றைவிடக் கனமானது, தீவனத்தின் மேற்பரப்பில் தங்கும், கதவுகள் வழியே இறங்கி அடியிலும் சேரும். பழுப்பு மஞ்சள் நிறம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அந்த நாள்களில் உள்ளேயும் வேண்டாம், அடிக்கதவின் பக்கத்திலும் வேண்டாம்.

கொத்தனாரிடம் பேசும்போது எழுபது டன்னை விட்டுவிட்டு 3.3 டன்னிலிருந்து தொடங்குங்கள். கான்கிரீட் ஊற்றும் நாளுக்கு முன்பே ஆங்கிள் துண்டுகள் வளைத்து, ஓட்டை வெட்டித் தயாராக இருக்கட்டும். போல்ட் வட்டத்தின் அளவை அவற்றை வைத்துத்தான் வார்ப்புச் சட்டத்தில் குறிக்க வேண்டும்.