மிளகாயை மாத்துங்கோ, வினாகிரியில கை வைக்காதேங்கோ

அடுப்படிக் கேள்வி பதில்

இந்தமுறை வந்த கடிதங்களில கனக்க சல்சா எண்டு சொல்லுற தக்காளி மிளகாய்ச் சோஸைப் பற்றினதுதான், தக்காளியும் மிளகாயும் ஒண்டாக் காய்ச்சுக் கொட்டுற நேரமெண்டபடியால் எல்லாற்ற மனசிலயும் ஒரே யோசினைதான் ஓடுது போல. அதால மற்றக் கேள்வியளை அடுத்தமுறைக்கு வைச்சிட்டு இதையே வடிவா எழுதுறன்.

கேள்வி: அக்கா, கனடாவில இருந்து லீவுக்கு வந்த அண்ணா ஆக்கள் சல்சா எண்டு ரெண்டு போத்தல் கொண்டு வந்தவை, பிள்ளையள் ரொட்டிக்குத் தொட்டுத் தொட்டு ரெண்டு நாளில முடிச்சுப் போட்டுதுகள். எங்கட வளவில பச்சை மிளகாய், கறிமிளகாய், கொஞ்சம் ஊசிமிளகாய் எல்லாம் காய்ச்சுக் கிடக்கு, தக்காளிப்பழம் சந்தைக்குக் கொண்டுபோனால் ஏத்துக்கூலிக்கும் காணாத விலை கேக்கினம். வீட்டிலயே செய்து போத்தலில அடைச்சு வருசம் முழுக்க வைக்கலாமோ?
– வாசகி, விசுவமடு

பதில்: வைக்கலாம் தங்கச்சி, சந்தோசமாச் செய்யுங்கோ. விசுவமடு மண்ணுக்கு மிளகாய் புதுசில்லை, 1970களில இறக்குமதியைக் கட்டுப்படுத்தின நேரம் உந்தப் பக்கமெல்லாம் செத்தல் மிளகாயால தலை நிமிந்த குடும்பங்கள் எத்தினை, பிறகு 1977க்குப் பின்னால இறக்குமதியைத் திறந்துவிட அந்த விலையெல்லாம் விழுந்து போச்சு. விலை விழேக்க பழத்தை வரம்பில கொட்டுறதைப் பாக்க எனக்கு வயிறு எரியும், அதால இப்பிடிக் கேட்டு எழுதினால் நான் நீளமாத்தான் பதில் எழுதுவன், பொறுமையா வாசியுங்கோ.

முதல் விசயம், இது எங்கட ஊறுகாய் மாதிரி இல்லை. ஊறுகாயில உப்பும் புளியும் தூக்கலா நிக்கும், அதுதான் காவல். சல்சாவில தக்காளி, மிளகாய், வெங்காயம் எல்லாம் கலந்து கிடக்கிறதால புளிப்புக் குறைஞ்சு போகும். தக்காளி தனிய எண்டால் புளிப்புக்கும் புளிப்பில்லாததுக்கும் நடுவில நிக்கிற சாமான், மிளகாயும் வெங்காயமும் உள்ளியும் புளிப்பே இல்லாதது. புளிப்பை பிஎச் எண்டு அளக்கிறவை, எண் குறையக் குறையப் புளிப்புக் கூட. அது 4.6க்கு மேல போனால் காத்துப் போகாத போத்தலுக்குள்ள பொட்டுலிசம் எண்ட வருத்தத்தைக் குடுக்கிற நஞ்சை உண்டாக்கிற கிருமி வளரலாம். அந்தக் கிருமியின்ர வித்து கொதிதண்ணியில சாகாது. நஞ்சு வந்தாலும் மணம் மாறாது, நிறம் மாறாது, நாக்கிலயும் பிடிபடாது, நரம்பைத் தாக்கி மூச்சையே நிப்பாட்டக்கூடியது. பயப்படுத்த எழுதேல்லை, ஆனா இதைச் சொல்லாமல் செய்முறையை மட்டும் எழுதினால் அது நான் உங்களுக்குச் செய்யிற துரோகம். புளிப்பு அளவாச் சேத்திட்டால் அந்த வித்து முளைக்கவே மாட்டுது, அவ்வளவுதான் இதின்ர சூட்சுமம்.

இனி அளவு. அமெரிக்க விவசாயத் திணைக்களம் வீட்டில போத்தல் அடைக்கிறவைக்கெண்டு சோதிச்சுப் பாத்துக் குடுத்த அளவு ஒண்டு இருக்கு, நானும் அதைத்தான் பிடிச்சுச் செய்யிறன். தக்காளி ரெண்டேகால் கிலோ, மிளகாய் 900 கிராம், வெங்காயம் 450 கிராம், 5 வீத வினாகிரி 240 மில்லி, உப்பு 3 தேக்கரண்டி, மிளகுதூள் அரைத் தேக்கரண்டி. அரை லீற்றர் போத்தல் ஆறு ஏழு வரும். பாதி செய்யிறதெண்டால் எல்லாத்தையும் பாதியாக்குங்கோ, உப்பைத் தவிர வேற ஒண்டை மட்டும் தனியக் குறைக்காதேங்கோ.

அந்த 900 கிராம் மிளகாய்க்குள்ள நீங்கள் ராசா! 700 கிராம் கறிமிளகாயும் 200 கிராம் பச்சை மிளகாயும் போடுங்கோ, இல்லாட்டி எல்லாம் பச்சை மிளகாயாப் போடுங்கோ, உறைப்பு வேணுமெண்டால் ஒரு பிடி ஊசிமிளகாய், நிறம் வேணுமெண்டால் பழுத்த சிவப்பு மிளகாய், எதுவும் சரி, மொத்தம் 900 தாண்டக் கூடாது. நாலைஞ்சு விதம் கலந்தால்தான் ருசி எடுக்கும் எண்டது என்ர அபிப்பிராயம். கறிமிளகாய் இனிப்பும் சதையும் தரும், பச்சை மிளகாய் அந்தப் பச்சை மணத்தைத் தரும், ஊசிமிளகாய் பின்னால வந்து சுள்ளெண்டு இழுக்கும், ஒரே சாதியெண்டால் ஒரே சத்தம்தான்.

தக்காளியைக் கொதிதண்ணியில ஒரு நிமிசம் போட்டுப் பச்சைத் தண்ணிக்கு மாத்துங்கோ, தோல் தானாக் கழண்டு வரும். அழுகினது, வெடிச்சது, கண்டு பட்டுப்போன பிறகு பிடுங்கினது வேண்டாம். கறிமிளகாயைச் சிரட்டைத் தணலில போட்டுப் பிரட்டிப் பிரட்டிச் சுடுங்கோ, தோல் கறுத்துக் கொப்புளம் போட்டுப் படபடெண்டு வெடிக்கும், அந்த மணம் வீடு முழுக்க ஏறும், அப்ப எடுத்து ஒரு சட்டிக்குள்ள போட்டு ஈரத்துணியால மூடி அஞ்சு நிமிசம் விட்டுட்டு விரலால உரிச்சால் பாம்புச்சட்டை மாதிரி வரும். மெல்லிய பச்சை மிளகாயை உரிக்கத் தேவையில்லை, சின்னனா அரிஞ்சால் காணும். எல்லாத்தையும் ஒண்டா அடுப்பில வைச்சுக் கொதிச்ச பிறகு மெல்லிய நெருப்பில 10 நிமிசம் விடுங்கோ. அலுமினியச் சட்டி வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும், எவர்சில்வர் நல்லது.

கொதிக்கக் கொதிக்கச் சூடான போத்தலில விடுங்கோ, குளிர்ந்த போத்தலில விட்டால் வெடிக்கும். மேல அரை அங்குலம் இடம் விட்டு, உள்ளுக்கு இருக்கிற காத்துக்குமிழை ஒரு மரக்குச்சியால எடுத்துப்போட்டு, வாயை ஈரத்துணியால துடைச்சு, மூடியை இறுக்குங்கோ, ஆனா பலம் முழுக்கப் போடாதேங்கோ, உள் காத்து வெளியில வரவேணும். பெரிய கிடாரத்தில அடியில ஒரு துணி விரிச்சு, போத்தலை ஒண்டோடொண்டு முட்டாமல் நிப்பாட்டி, மூடிக்கு மேல ஒரு அங்குலம் தண்ணி நிக்க விட்டு, தளதளவெண்டு கொதிக்கத் தொடங்கின பிறகு 15 நிமிசம் கணக்கெடுங்கோ. எங்கட வன்னி முழுக்க ஆயிரம் அடிக்குக் கீழதான், அதால 15 காணும். நுவரெலியாவில இருக்கிற சொந்தக்காரருக்குச் சொல்லிக் குடுக்கிறதெண்டால் 25 எண்டு சொல்லுங்கோ, அது 6000 அடிக்கு மேல, அங்க தண்ணி குறைஞ்ச சூட்டிலயே கொதிச்சுப் போடும். நெருப்பை நிப்பாட்டி அஞ்சு நிமிசத்தால வெளியில எடுத்து, காத்துப் படாத இடத்தில துவாயில வைச்சிட்டு அடுத்தநாள் வரைக்கும் அசைக்காதேங்கோ. ஆறேக்க ஒவ்வொரு மூடியா "டக்" எண்டு உள்ளுக்கு இழுக்கும், அந்தச் சத்தத்தைக் கேக்கத்தான் நான் அடுப்படியை விட்டுப் போகாமல் இருக்கிறனான்.

கேள்வி: எங்கட வளவில தேசிக்காய் நிலத்தில விழுந்து கிடக்கு. வினாகிரி வாங்காமல் அதைப் பிழிஞ்சு விட்டால் என்ன? பழப்புளி கரைச்சு விடலாமோ? அம்மா கள்ளுப் புளிக்க வைச்சு எடுத்த வினாகிரியும் வீட்டில இருக்கு.
– வாசகர், மல்லாவி

பதில்: தம்பி, அண்டண்டு செய்து அண்டே சாப்பிடுற சல்சாவுக்கு உங்கட தேசிக்காய்தான் முதல்தரம், அதைப்போல வேற ஒண்டுமில்லை. ஆனா போத்தலில அடைக்கிறதெண்டால் மூண்டுமே வேண்டாம். ஒரு மரத்துத் தேசிக்காயின்ர புளிப்பு மற்ற மரத்தில இல்லை, பிஞ்சிலயும் பழத்திலயும் வேற வேற, அம்மான்ர வினாகிரி அச்சாறுக்கு அருமையா இருக்கும் ஆனா அதில எத்தினை வீதம் அமிலம் இருக்கெண்டு நாக்கால சொல்ல ஏலாது. பழப்புளியும் அப்பிடித்தான். கடையில வாங்கிற வினாகிரியிலயும் லேபிளை வடிவாப் பாருங்கோ, 4 வீதம் எண்டு போட்டதும் விக்குது, அது இதுக்குக் காணாது, 5 எண்டு இருக்கவேணும். கடையில போத்தலில அடைச்சு வாற தேசிக்காய்ச் சாறு கிடைச்சால் வினாகிரிக்குப் பதிலா அதே அளவு விடலாம், அது வினாகிரியை விடப் புளிப்பு. ஆனா தேசிக்காய்ச் சாறு எண்டு எழுதியிருக்கிற செய்முறையில வினாகிரியை மாத்தி விடக் கூடாது. கடும் புளிப்பா இருந்தால் கொஞ்சம் சீனி சேருங்கோ, வினாகிரியைக் குறைக்காதேங்கோ. உப்பு இதில ருசிக்கு மட்டும்தான், பிரசர் உள்ள ஆக்கள் குறைச்சுப் போடலாம். சோளமா, கோதுமை மா போட்டுத் தடிப்பாக்கிறது, எண்ணெய் விடுறது, உள்ளியைக் கைக்கு வந்தமாதிரி அள்ளிப் போடுறது, இதெல்லாம் போத்தல் திறந்து கோப்பையில போட்ட பிறகு செய்யிற வேலை.

கேள்வி: மிளகாய் அரிஞ்ச கை ராத்திரி முழுக்க எரிஞ்சுது, பச்சைத் தண்ணிக்குள்ள வைச்சிருந்தும் நிக்கேல்லை. விதையை எல்லாம் எடுத்தும் சல்சா உறைப்பாத்தான் வந்தது, ஆறு வயசு மகள் வாயில வைக்கிறாள் இல்லை.
– அம்மா ஒருவர், புதுக்குடியிருப்பு

பதில்: ஐயோ பிள்ளை, அந்த எரிவு எனக்கும் தெரியும். உறைப்பு விதையில இல்லை, விதை ஒட்டியிருக்கிற அந்த வெள்ளைச் சவ்விலதான், விதையில கிடக்கிறது அதில இருந்து பட்டது. கறிமிளகாயை நெடுக்காப் பிளந்து பாருங்கோ, நடுவில வெள்ளையாத் தண்டு மாதிரி ஓடும், அதைக் கத்தி நுனியால வழிச்சு எடுங்கோ. கப்சைசின் எண்ட அந்தச் சாமான் தண்ணியில கரையாது, எண்ணெயில கரையும், அதால முதல் தேங்காயெண்ணெய் தேய்ச்சு ஊறவிட்டு அதுக்குப் பிறகு சவுக்காரம் போட்டுக் கழுவுங்கோ. வாய் எரிஞ்சால் பால் அல்லது தயிர். அடுத்தமுறை கையுறை போடுங்கோ, இல்லாட்டி சொப்பிங் பையாவது கட்டுங்கோ, கண்ணில கை வைக்கக் கூடாது.

மகளுக்கு 900 கிராமும் கறிமிளகாயோ குடைமிளகாயோ போட்டுச் செய்யுங்கோ. உறைப்பை அளக்க 1912இல வில்பர் ஸ்கோவில் எண்டவர் ஒரு கணக்குக் கொண்டு வந்தவர், அதில குடைமிளகாய் சைபர், மெக்சிக்கோக்காரர் சல்சாவுக்குப் போடுற ஹலப்பீனோ 2500இல இருந்து 8000, ஹபனேரோ லட்சத்துக்கு மேல. எங்கட ஊசிமிளகாய் ஹலப்பீனோவை எங்கயோ விட்டுட்டுப் போயிடும், அதால வெளிநாட்டுச் செய்முறையில "10 மிளகாய்" எண்டு இருந்தால் எங்கட மிளகாயை எண்ணிப் போடாதேங்கோ, நிறுத்துத்தான் போடவேணும்.

கேள்வி: பழைய ஜாம் போத்தலில அடைச்சன், மூண்டு கிழமையில ஒரு மூடி மேல தள்ளிக்கொண்டு நிக்குது. கொதிக்க வைச்சுப் பாவிக்கலாமோ?
– வாசகி, வவுனியா

பதில்: வேண்டாம். ருசி பாக்கவும் வேண்டாம், கோழிக்கோ நாய்க்கோ போடவும் வேண்டாம், திறக்காமல் பையில சுத்தி ஆழமாக் கிடங்கு வெட்டித் தாட்டுவிடுங்கோ, பட்ட இடத்தையும் கையையும் நல்லாக் கழுவுங்கோ.

எனக்கும் இது நடந்தது. ஒரு வருசம் கறிமிளகாய் கனக்க வந்திட்டுதெண்டு அளவுக்கு மேல அள்ளிப் போட்டு, புளிக்குது புளிக்குது எண்டு வினாகிரியைக் குறைச்சு எட்டுப் போத்தல் அடைச்சு வைச்சன், ஒண்டு மூடியைத் தள்ளிக்கொண்டு ஓரத்தால நுரை வடிஞ்சு அலுமாரித்தட்டு முழுக்கச் சிவப்பா நிண்டது. மற்ற ஏழும் பாக்க நல்லாத்தான் இருந்தது. ஏழையும் தாட்டன். கை நடுங்கினது இப்பவும் நினைவிருக்கு, ஏனெண்டால் அதில ரெண்டைத் தங்கச்சி வீட்டுக்குக் குடுக்கவெண்டு எடுத்து வைச்சிருந்தனான்.

ஜாம் போத்தல் மூடி ஒருக்கால் பாவிச்சதெண்டால் உள்ளுக்கு இருக்கிற றப்பர் அமுங்கிப் போயிருக்கும், ரெண்டாம்முறை காத்தை நம்பிப் பிடிக்காது. இதுக்கெண்டு வாற மேசன் போத்தலுக்கு ரெண்டு துண்டு மூடி, தட்டை மூடியை ஒவ்வொருமுறையும் புதுசாப் போடவேணும், வளையத்தைத் திரும்பப் பாவிக்கலாம். வெளிநாட்டில இருந்து வாற ஆக்களிட்ட சொக்கிளேற்றுக்குப் பதிலா இந்த மூடியில ரெண்டு பெட்டி கொண்டுவரச் சொல்லுங்கோ. அது கிடைக்காட்டில் சல்சாவைச் செய்து பிரிட்ஜில வைச்சு ஒரு கிழமைக்குள்ள முடியுங்கோ, மிச்சத்தைச் சின்னச் சின்னப் பெட்டியில பிறீசரில போடுங்கோ, கொஞ்சம் தண்ணி விடும், ருசி போகாது. சரியா அடைச்சதெண்டால் மூடியின்ர நடு உள்ளுக்குக் குழிஞ்சு நிக்கும், விரலால அமத்தினால் அசையக் கூடாது, திகதி எழுதி இருட்டான இடத்தில வைச்சு ஒரு வருசத்துக்குள்ள பாவியுங்கோ. அடுத்தநாள் பாக்க மூடி அசைஞ்சால் அது இழுபடேல்லை, உடன பிரிட்ஜில வையுங்கோ.

கேள்வி: சல்சாவும் எங்கட தக்காளிச் சம்பலும் ஒண்டுதானே அக்கா? இதைப் போத்தலில அடைக்காமல் உடன செய்யிறது எப்பிடி?
– வாசகி, மாங்குளம்

பதில்: சொந்தக்காரர் எண்டு சொல்லலாம். சல்சா எண்டால் ஸ்பானிஷில சோஸ் எண்டதுதான் கருத்து, மெக்சிக்கோக்காரற்ற சாப்பாடு, மிளகாயும் தக்காளியும் ரெண்டுமே அந்தப் பக்கத்துப் பயிர்தான், போத்துக்கீசர் கொண்டுவந்த பிறகுதான் எங்கட குழம்பே சிவந்தது, அதுக்கு முதல் உறைப்பெண்டால் மிளகுதான்.

உடன செய்யிறதுக்கு இறுக்கமான தக்காளி நாலை விதையும் தண்ணியும் வழிச்சுப்போட்டுச் சின்னனா அரியுங்கோ, சின்ன வெங்காயம் ஒரு பிடி, பச்சை மிளகாய் ரெண்டு, தணலில சுட்ட கறிமிளகாய் ஒண்டு, மல்லி இலை, உப்பு, ஒரு தேசிக்காய்ப் புளி, அவ்வளவுதான். அரை மணித்தியாலம் வைச்சால் வெங்காயத்தின்ர காரம் அடங்கும். மரவள்ளிக்கிழங்கு அவிச்சு ஆவி பறக்கப் பறக்க, அதுக்கு மேல இதை அள்ளிப் போட்டுச் சாப்பிட்டுப் பாத்திட்டு எழுதுங்கோ.