ஷிஃப்ட்டும் டேபும் அழுத்தினால்

குலசேகரம் அம்மாவுக்கு,

ரப்பர் பால் வெட்டுக்கு நீங்கள் மூன்றரைக்கு எழும்போதும் பையன் அறையில் லைட் எரிகிறது, கேம் கேம் என்று கெட்டுப்போகிறான் என்று அன்று சொன்னீர்கள். அப்புறம் அவனிடம் தனியாகப் பேசினேன். அவன் தானே செய்த கேமை ஸ்டீமில் ஏற்றப் பார்க்கிறான். ஸ்டீம் என்பது வால்வ் கம்பெனி நடத்துகிற கேம் கடை.

கேம் ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் எழுதியது. அதை எலக்ட்ரான் என்ற கருவியில் பொதிந்து டெஸ்க்டாப் ஆப்பாக்கியிருக்கிறான். கேமைத் தன்னோடு இணைக்க ஸ்டீம் தரும் எஸ்டிகே என்ற கருவித் தொகுப்போ சி++ என்ற வேறு மொழி. கேம் பேசுவது அதற்குப் புரியாது. நடுவில் ஒரு துபாஷி வேண்டும். கிரீன்வொர்க்ஸ் என்ற பழைய துபாஷியை வைத்திருந்தான். எலக்ட்ரானைப் புது வெர்ஷனுக்கு மாற்றியதும் அது லோடு ஆகவில்லை. அந்த வெர்ஷனுக்கென்றே மறுபடி கம்பைல் செய்ய, அதாவது கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும் என்று புரியவே ஒரு வாரம் போயிருக்கிறது. பிழைச் செய்தியை வரிவரியாகப் படித்துத் தானே கண்டுபிடித்தான். கடைசி வருஷப் பிள்ளைகளில் இதைச் செய்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நூறு டாலர் கேட்கிறான் என்றீர்களே, இப்போது கொடுக்க வேண்டாம். ஒரு கேமை ஸ்டீமில் ஏற்ற அந்தக் கட்டணம் உண்டுதான். ஆயிரம் டாலர் விற்றால் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஸ்பேஸ்வார் என்று வால்வே ஒரு மாதிரி கேம் வைத்திருக்கிறது. ஸ்டீமில் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு எண் உண்டு, இதன் எண் 480. ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் அந்த எண்ணைப் போட்டுவிட்டு, ஸ்டீமைத் திறந்து வைத்துக்கொண்டால் காசில்லாமல் சோதிக்கலாம். இது அவனுக்கும் தெரியும், அவசரம்தான்.

கேம் விற்றுப் பணம் வரும் என்று நான் சொல்லமாட்டேன். வேலைக்கு இது உதவும். கோடு எழுத உதவும் விஎஸ் கோட், ஆபீஸில் சாட் செய்கிற ஸ்லாக் எல்லாம் எலக்ட்ரானில் செய்தவைதான். எங்கே மாட்டினான், எப்படி அவிழ்த்தான் என்று இரண்டு பக்கம் எழுதி, கோடைப் பகிர்கிற கிட்ஹப் தளத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். இன்டர்வியூவில் அதைத்தான் கேட்பார்கள். இரண்டு அரியர் பேப்பர் இருக்கிறதே, அதில் மட்டும் நான் உங்கள் கட்சி. பரீட்சை முடியும்வரை கேமுக்கு ஞாயிறு மட்டும்.

அடுத்த சனிக்கிழமை நாகர்கோவில் வரும்போது லேப்டாப்பையும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஷிஃப்ட்டும் டேபும் சேர்த்து அழுத்தினால் கேமுக்கு மேலே ஸ்டீமின் திரை விரிய வேண்டும். எலக்ட்ரான் திரையில் படம் வரைவதைத் தனியாக ஓடும் வேறொரு பிராசஸில் வைத்திருப்பதால் அவனுக்கு இன்னும் விரியவில்லை. அதை ஒரே பிராசஸுக்குள் கொண்டுவர ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம்.