துண்டுத்துணிப் போர்வை: கிலோ விலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

தையல் கடை மிச்சத்தையும் கட்பீஸ்களையும் ஒட்டிப் போர்வை தைப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறேன். துணி மலிவாகக் கிடைப்பதால் இதில் ஏமாற இடமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். நிறையவே இருக்கிறது.

கேள்வி: 'பியூர் காட்டன் கட்பீஸ்' என்று போட்டிருந்ததை நம்பி இணையத்தில் 2 கிலோ வாங்கினேன். பிரித்தால் பாதிக்கு மேல் லைனிங் துணியும் வழவழப்பான பாலியஸ்டரும்தான். ஒற்றைக் கட்டிலுக்குப் போர்வை தைக்க இன்னும் எவ்வளவு வாங்க வேண்டும்? திருப்பி அனுப்பக் கேட்டால், "கட்பீஸுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்கிறார்கள். (வாசகி, ஈரோடு)

இன்னும் வாங்க வேண்டியதில்லை. கையில் இருப்பதில் தேறுவதே போதும் என்று நினைக்கிறேன். கணக்கைப் பாருங்கள்.

ஒற்றைக் கட்டில் போர்வைக்கு 60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் தாராளம். சதுர மீட்டரில் இது ஏறக்குறைய மூன்றரை. ரவிக்கைக்கும் சட்டைக்கும் வாங்கும் நடுத்தரப் பருத்தி சதுர மீட்டருக்குச் சுமார் 120 கிராம் இருக்கும். அப்படியென்றால் போர்வையின் மேல்பக்கத்துக்கு மட்டும் 420 கிராம் துணி ஆகும்.

இதோடு தையலுக்குள் மறையும் துணியைக் கூட்ட வேண்டும். இந்த வேலையில் ஓரம் கால் அங்குலம்தான் விடுவார்கள். 5 அங்குலச் சதுரமாக வெட்டினால் தைத்தபின் வெளியே தெரிவது நாலரை அங்குலம். அதனால் துணி 23 சதவீதம் கூடுதலாகப் பிடிக்கும், மொத்தம் 520 கிராம். மூன்றரை அங்குலமாக வெட்டினால் 36 சதவீதம் கூடும், 570 கிராம் ஆகும். இரண்டரை அங்குலம் என்றால் 56 சதவீதம், 650 கிராம் வரை போகும். துண்டு சின்னதாக ஆக ஆகத் துணியும் நூலும் நேரமும் கூடுதலாகச் செலவாகும். 'பொடித் துண்டுதானே' என்று மலிவாக விற்பதை வாங்குமுன் இதை யோசியுங்கள்.

உங்கள் 2 கிலோவில் 900 கிராம் பருத்தி தேறினாலும், கோணல் மாணலை வெட்டிக் கழித்ததுபோக ஒரு போர்வைக்குக் காணும். ஆனால் அதற்காக நீங்கள் கொடுத்தது 2 கிலோவின் விலை. கிலோ 150 ரூபாய் என்று வாங்கியதில் பாதிதான் தேறியதென்றால் அந்தத் துணி உங்களுக்குக் கிலோ 300 ரூபாய். அடுத்த முறை கடைகளை ஒப்பிடும்போது இந்த இரண்டாவது விலையைத்தான் ஒப்பிட வேண்டும். தையல் கடைகளில் மூட்டையாகக் கொடுப்பதில் கழுத்து வெட்டு, கைக்குழி வெட்டு என்று பிறை வடிவத் துண்டுகள்தான் அதிகம் இருக்கும். அவற்றில் சதுரம் எடுப்பது கஷ்டம். மூட்டையின் வாயில் தெரிவதைப் பார்த்து முடிவு செய்யாமல், நடுவிலிருந்து ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

பருத்திதானா என்ற சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து நாலைந்து இழைகளை உருவி இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசத்தோடு எரியும், சாம்பலைத் தொட்டால் தூளாக உதிரும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, ஆறியபின் கெட்டியான மணியாக நிற்கும். இரண்டும் கலந்த துணி எரியவும் செய்யும், மணியும் விடும். தாம்பூலத்தோடு வந்து பீரோவில் சேர்ந்திருக்கும் ரவிக்கைத் துணிகளையும் இப்படிப் பார்த்துப் பிரித்துவிடுங்கள். நல்ல பருத்தியாகத் தேறினால் அதைவிட லாபமான துண்டுத்துணி இல்லை, ஒரே துணி முக்கால் மீட்டருக்குக் குறையாமல் இருக்கும். பருத்தியையும் பாலியஸ்டரையும் ஒரே போர்வையில் கலக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பருத்தி முதல் சலவையில் சுருங்கும், மற்றது சுருங்காது. அதனால் தையல் இழுத்துக்கொள்ளும். பருத்திக்கு வைக்கிற சூட்டில் இஸ்திரி போட்டால் பாலியஸ்டர் பொசுங்கும்.

இனி ரிட்டர்ன் விஷயம். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள் சொல்கின்றன. 'ரிட்டர்ன் கிடையாது' என்ற வரி, சொன்னபடி பொருள் அனுப்பியவருக்குத்தான் உதவும். 'பியூர் காட்டன்' என்ற பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கே மாற்றிவிடுவார்கள். துணிகளைப் பிரித்து இரண்டு குவியலாக வைத்து, தராசோடு படம் எடுங்கள். எடை தெரிகிற படத்துக்கு மறுப்பு சொல்வது கடினம். அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.

ஒரு எச்சரிக்கை: பணம் திரும்ப வேண்டுமென்றால் அதுவரை அந்தத் துணியில் கத்தரி வைக்காதீர்கள்.

கேள்வி: தையல் வகுப்பில் பழகியபோது தைத்த ஒட்டுக் கட்டங்கள் 30 மிஞ்சியிருக்கின்றன. எட்டு, எட்டரை, ஒன்பது அங்குலம் என்று அளவு பலவாறாக இருக்கிறது, நிறமும் சேரவில்லை. இவற்றை வைத்துப் போர்வை ஆக்க என்னென்ன வாங்க வேண்டும்? (வாசகி, திருச்சி)

ஒரே ஒரு துணிதான் வாங்க வேண்டும். வெள்ளையோ சந்தன நிறமோ கருநீலமோ, பூ இல்லாத ஒரே நிறத்தில் 44 அங்குல அகலத் துணி 4 மீட்டர். அதை ஒரே நாளில், ஒரே தானிலிருந்து, அதாவது ஒரே துணிச் சுருளிலிருந்து, வாங்கிவிடுங்கள். குறைகிறது என்று அடுத்த மாதம் போனால் அதே நிறம் என்று கொடுப்பது பக்கத்தில் வைக்கும்போது வேறாகத் தெரியும்.

அந்தத் துணியில் 2 அங்குலப் பட்டிகள் வெட்டி ஒவ்வொரு கட்டத்தின் நான்கு பக்கமும் சட்டம்போல் தைத்துவிடுங்கள். எட்டு அங்குலக் கட்டமும் ஒன்பது அங்குலக் கட்டமும் இப்போது 11, 12 என்று வளர்ந்திருக்கும். எல்லாவற்றையும் பத்தரை அங்குலச் சதுரமாக நறுக்குங்கள். அளவு வித்தியாசம் முழுவதும் வெற்றுப் பட்டிக்குள் போய்விடும், உங்கள் வேலைப்பாட்டில் கத்தரி படாது. நிறங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதையும் அந்தப் பட்டி தடுத்துவிடும்.

பிறகு ஒரு வரிசைக்கு 5 வீதம் 6 வரிசை. கட்டங்களுக்கு நடுவே 2 அங்குல இடைவெளிப் பட்டி, பக்கவாட்டில் 2 அங்குலக் கரை, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் 10 அங்குலக் கரை. தைத்து முடித்தால் 62க்கு 90 அங்குலம் வரும். நான் சொன்ன 4 மீட்டர் இந்தக் கணக்குதான், வெட்டில் போகும் சேதாரத்தையும் சேர்த்து.

கடையில் கொடுத்து இணைக்கச் சொன்னால் 'ஓரம் கால் அங்குலம்' என்று எழுதியே கொடுங்கள். பிற்பாடு பிரித்துப் பெரிதாக்க உதவும் என்று ரவிக்கையில் தாராளமாக ஓரம் விட்டுப் பழகிய கை அது. இங்கேயும் அப்படி விட்டால் ஒவ்வொரு இணைப்பிலும் அரை அங்குலம் போய், போர்வை கட்டிலுக்குக் குட்டையாகிவிடும்.

கேள்வி: உள்ளே வைக்க பாலி ஃபைபர் ஷீட்டா, இலவம்பஞ்சா? அடித்துணிக்கு என்ன வாங்கலாம்? (வாசகர், சென்னை)

சென்னைக்கு இரண்டும் வேண்டாம். ஃபைபர் ஷீட் உள்ளே இருந்தால் வருடத்தில் பாதி நாள் அந்தப் போர்வை மடித்தபடியே கிடக்கும். இலவம்பஞ்சு தலையணைக்கு அருமையான பொருள், துவைக்கும் போர்வைக்கு ஆகாது, கட்டி கட்டியாகத் திரளும். வீட்டில் நைந்துபோன நூல் சேலையோ பழைய பருத்திப் படுக்கை விரிப்போ இருந்தால் அதையே நடுவில் வையுங்கள். ஏற்கனவே சுருங்க வேண்டிய மட்டும் சுருங்கிய துணி அது.

அடித்துணிக்கும் ஒரு நூல் சேலை போதும். ஐந்தரை மீட்டரைச் சரிபாதியாக வெட்டி, நீளவாக்கில் இணைத்தால் அகலம் எண்பது அங்குலத்துக்கு மேல் வரும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் ஃபைபர் ஷீட் வாங்கலாம். அப்போது 'கனமானது, லேசானது' என்ற பேச்சை விட்டுவிட்டு ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) எவ்வளவு என்று கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: கண்காட்சியில் 'கையால் தைத்த ஒட்டுப்போர்வை' என்று சில ஆயிரம் ரூபாய் விலை சொல்கிறார்கள். உண்மைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கைத்தறி முத்திரை இருந்தால் நம்பலாமா? (வாசகி, கோவை)

முதலில் திருப்பிப் பாருங்கள். ஒட்டுப்போட்டது மாதிரியே கட்டங்களை அச்சடித்த துணி சந்தையில் நிறைய உண்டு. இரண்டு கட்டங்கள் சேரும் இடத்தில் நகத்தால் நெருடினால் உண்மையான ஒட்டில் மடிப்பு தட்டுப்படும், அச்சில் வழுக்கிக்கொண்டு போகும். அடுத்து தையல். இயந்திரத் தையலில் நூல் விடாமல் ஒரே கோடாகத் தெரியும். கையால் போடும் ஓட்டுத் தையலில் ஒரு புள்ளி, ஒரு இடைவெளி என்று வரும். அந்த இடைவெளிகளும் துல்லியமாக ஒன்றுபோல் இருக்காது. அப்படிக் கொஞ்சம் முன்பின் இருப்பதைக் குறையாகச் சொல்லி விலை குறைக்கக் கேட்காதீர்கள், நீங்கள் காசு கொடுப்பதே அதற்குத்தான்.

கைத்தறி முத்திரை, துணி தறியில் கையால் நெய்யப்பட்டது என்பதற்கு மட்டுமே சான்று. தைத்தது கையா மிஷினா என்பது பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. வங்காளத்து நக்ஷி கந்தா, பீகாரின் சுஜினி ஆகிய கைத்தையல் வேலைப்பாடுகளுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி விற்றால் குறியீட்டுக்கான ஆதாரத்தைக் கேட்கலாம்.

கர்நாடகத்தில் எல்லாபூர், ஹலியால் பக்கம் வாழும் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுப்போர்வை கிடைத்தால் அவசியம் கையில் எடுத்துப் பாருங்கள். ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த அவர்கள், பழைய உடுப்புகளைக் கிழித்து, ஒரு மூலையில் தொடங்கி ஓரம் ஓரமாகச் சுற்றி வந்து நடுவில் முடிப்பார்கள். தையல் வரிகளும் அதே சுற்றில் உள்நோக்கிப் போகும். நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த சிறு துணிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் 'பூலா', அதாவது பூ, என்கிறார்கள். இவ்வளவு கைவேலைக்குச் சில ஆயிரம் ரூபாய் அதிக விலையே அல்ல. அந்தப் பணம் தைத்தவருக்குப் போகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. 'யார் தைத்தது, எந்த ஊர், எத்தனை நாள் ஆனது' என்று கேளுங்கள். நேரடியாகக் கொண்டுவந்து விற்பவர்கள் ஆசையாகச் சொல்வார்கள்.

கேள்வி: வீட்டில் துண்டுத்துணிப் போர்வை தைத்து விற்கிறேன். ஒரு கடையில் மிஷின் குயில்டிங் (அடுக்குகளை ஒன்றாகச் சேர்த்துத் தைப்பது) போடக் கொடுத்தேன். சுருக்கம் சுருக்கமாகத் தைத்துக் கொடுத்துவிட்டு, "வியாபாரத்துக்குக் கொடுத்தீர்கள், நுகர்வோர் வழக்கெல்லாம் போட முடியாது" என்கிறார். (வாசகி, திருப்பூர்)

அவர் அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட முடியாது. வியாபார நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்றே பொருளை வாங்கிப் பயன்படுத்துபவரை அதே சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. அந்த விளக்கம் பொருளைத்தான் சொல்கிறது, சேவைக்கும் பொருந்துமா என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கூலிக்குத் தைத்துக் கொடுப்பது சேவை, மோசமாகத் தைத்தது சேவைக் குறைபாடு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான விஷயத்துக்குக் கட்டணம் கிடையாது.

அதற்கு முன்னால் அந்தக் கடைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். துணி கொடுத்த தேதி, பேசிய கூலி, சுருக்கம் விழுந்த இடங்களின் படங்கள், பிரித்துத் தைத்துத் தர 15 நாள் அவகாசம். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பில் தரவில்லை என்றால் ஜிபே, போன்பே விவரமும் வாட்ஸ்அப் பேச்சும் சாட்சிக்கு உதவும். இனிமேல் கொடுக்கும்போது உள்துணி, அடித்துணியோடு ஓரடிச் சதுர மாதிரி ஒன்று தைத்து வாங்கி, பார்த்துத் திருப்தியானபின் முழுப் போர்வையைக் கொடுங்கள். அந்த மாதிரியையும் பத்திரமாக வைத்திருங்கள்.