45% தள்ளுபடி எதிலிருந்து?

அமேசான் தன் பிரைம் சந்தாதாரர்களுக்காக நடத்தும் பிரைம் டே விற்பனையில் ஃப்ரிட்ஜ் 45% தள்ளுபடியில் வருகிறது, அதற்காக ஓராண்டுச் சந்தா கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு பொருளுக்கு என்றால் மாதச் சந்தாவே போதும். தானாகப் புதுப்பிப்பதை மட்டும் மறக்காமல் நிறுத்திவிடுங்கள்.

அந்த 45 சதவீதத்தை நம்பாதீர்கள். அது எம்ஆர்பியிலிருந்து கழித்த கணக்கு. எம்ஆர்பிக்கு ஃப்ரிட்ஜ் விற்கிற கடையை நான் இதுவரை பார்த்ததில்லை! அமேசான் விலைகள் ஏறி இறங்கியதைப் பதிவு செய்துவைக்கும் கீப்பா தளத்தில் அந்த மாடலின் பழைய விலைகளைப் பாருங்கள். அப்படியே உள்ளூர்க் கடையிலும் ஒரு விலை கேளுங்கள், பழைய ஃப்ரிட்ஜுக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் சேர்த்து.

அப்புறம், மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் ஸ்டார் லேபிள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அது எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை செல்லும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். விதிமுறை இறுகும்போது பழைய 5 ஸ்டார் புதிய கணக்கில் 4 ஆகிவிடலாம். தேங்கிய சரக்கு விற்பனை நாளில் வெளியே வருவது சகஜம். ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்ற எண்ணை வைத்து ஒப்பிடுங்கள்.

நோ காஸ்ட் இஎம்ஐயும் முழு இலவசம் இல்லை. வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்தாலும், கிரெடிட் கார்டு என்றால் அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டியை வங்கி உங்களிடம்தான் வாங்கும். பல வங்கிகள் செயலாக்கக் கட்டணமும் போடும். கையில் பணம் இருந்தால் மொத்தமாகக் கட்டிவிடுங்கள்.

போன வருடம் மிக்ஸி வாங்கப் போய் மூன்று ஹெட்போன் வாங்கியவன் நான். ஃப்ரிட்ஜை மட்டும் வாங்கிவிட்டு வெளியே வாருங்கள்.