வயதான பெற்றோரை முதன்முறையாகத் தாய்லாந்து அழைத்துச் செல்கிறேன். அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

நவம்பரில் அப்பா அம்மாவோடு பேங்காக் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அம்மா சுத்த சைவம், அப்பாவுக்கு மூட்டுவலி. அறியாமல் கூட அந்த ஊர்க்காரர்களை அவமதித்துவிடக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படிக் கவலைப்பட்டுக் கேட்கிறவர்கள் குறைவு. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் ஒன்பது ஆண்டுகளாகப் பேங்காக்கின் சீலோம் பகுதியில் இரத்தினக்கல் வியாபாரத்தில் இருக்கிறேன். வந்த முதல் வருடம் எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் ஐந்து வயது மகன் பள்ளி விட்டதும் அங்கே வந்து உட்கார்ந்திருப்பான். நம் ஊர் வழக்கப்படி அவன் தலையைத் தடவிக்கொடுப்பேன். ஒவ்வொரு முறையும் அந்தத் தாய் சிரித்தாள். ஏழெட்டு மாதம் கழித்து, அங்கேயே பல காலம் இருந்த நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "தலையைத் தொடாதே தம்பி. உயிரைக் காக்கும் 'க்வான்' தலையில்தான் குடியிருக்கிறது என்று இவர்கள் நம்புகிறார்கள்." இத்தனை மாதமாக அவள் சிரித்துக்கொண்டுதானே இருந்தாள் என்று கேட்டேன். "பின்னே, உன்னைத் திட்டவா செய்வாள்?" என்றார்.

தாய்லாந்துக்கு வரும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். அங்கே சிரிப்பு எப்போதும் சம்மதம் ஆகாது. சங்கடத்துக்கும் சிரிப்பார்கள், மன்னிப்புக்கும் சிரிப்பார்கள், உங்களைப் பொறுத்துக்கொள்ளவும் சிரிப்பார்கள். அடுத்தவரை இக்கட்டில் மாட்டிவிடக் கூடாது என்ற அந்தத் தயக்கத்துக்கு 'கிரெங் ஜாய்' என்று பெயர். நம் 'தாட்சண்யம்' அதற்கு அருகில் வரும். ஆகவே நீங்கள் செய்வது தவறு என்று யாரும் வந்து சொல்லமாட்டார்கள். சுற்றியிருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம்மவர்கள் அதிகம் தவறுவது குரலில். ஓட்டலில் அறை தயாராகவில்லை என்றாலோ டாக்ஸிக்காரர் வழி மாறிப் போனாலோ நமக்குக் குரல் உயர்ந்துவிடும். நம் ஊரில் அதற்குப் பலன் உண்டு. இங்கே குரலை உயர்த்திய அந்த நொடியில் எதிரே இருப்பவரின் மானத்தைப் பலர் முன்னால் எடுத்துவிட்டீர்கள். அதன்பின் அவர் உங்களுக்கு உதவப்போவதில்லை. அதே குறையைப் புன்னகையோடு, மெல்லிய குரலில், ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லுங்கள். பெரும்பாலும் காரியம் நடந்துவிடும். 'மாய் பென் ராய்', அதாவது பரவாயில்லை, என்ற சொல்லை முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள். ஆண்கள் பேச்சின் இறுதியில் 'க்ரப்' என்றும் பெண்கள் 'கா' என்றும் சேர்க்க வேண்டும். 'சவாதீ க்ரப்' என்றால் வணக்கம், 'கொப் குன் க்ரப்' என்றால் நன்றி. அம்மா 'சவாதீ கா' என்று சொல்லிக் கைகூப்பினால் அங்கே முகங்கள் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

கைகூப்பும் 'வாய்' வணக்கத்தில் நமக்கு அதிகச் சிரமம் இல்லை. கை எவ்வளவு உயருகிறதோ அவ்வளவு மரியாதை. இளையவர்தான் முதலில் கைகூப்ப வேண்டும். கடைச் சிப்பந்தியோ குழந்தையோ கைகூப்பினால் பெரியவர்கள் தலையசைத்துப் புன்னகைத்தால் போதும்.

அப்பாவின் மூட்டுவலிக்கு இங்கே தனியாக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தலை எவ்வளவு உயர்ந்ததோ பாதம் அவ்வளவு தாழ்ந்தது. புத்தர் சிலையை நோக்கியோ ஒரு மனிதரை நோக்கியோ பாதத்தை நீட்டுவது பெரிய அவமரியாதை. சன்னிதியில் அவர்கள் மண்டியிட்டோ, இரு கால்களையும் ஒரு பக்கமாக மடித்துப் பாதம் பின்னால் போகும்படியோ உட்காருவார்கள். மூட்டுவலி உள்ளவர் சற்று நேரத்தில் தம்மை அறியாமல் காலை நீட்டிவிடுவார். அதனால் அப்பாவைக் கடைசியில், சுவரோரமாக, பக்கவாட்டில் திரும்பி உட்காரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் வெளியே நிழலில் இருந்து கும்பிடட்டும். யாரும் குறையாக எண்ணமாட்டார்கள். சன்னிதியின் வாசற்படியை மிதிக்காமல் தாண்டிப் போக வேண்டும். காலணியைக் கழற்றுவது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிக்குகள் விஷயத்தில் அம்மா கவனமாக இருக்க வேண்டும். பெண்கள் பிக்குவைத் தொடக் கூடாது, அவர் கையில் நேரடியாக எதையும் கொடுக்கவும் கூடாது. அவர் விரிக்கும் துணியின் மேலோ பாத்திரத்திலோ வைத்தால் அவர் எடுத்துக்கொள்வார். ரயிலிலும் படகிலும் பிக்குகளுக்கென இடம் ஒதுக்கியிருப்பார்கள். பிக்கு பதிலுக்குக் கைகூப்பமாட்டார். அது அவர்கள் மரபு, அவமதிப்பென்று எண்ண வேண்டாம்.

அரச குடும்பத்தைப் பற்றி நல்லதோ கெட்டதோ எந்தப் பேச்சும் வேண்டாம், சமூக ஊடகத்திலும் வேண்டாம். குற்றவியல் சட்டத்தின் 112-வது பிரிவின்படி மன்னரை அவமதிக்கும் ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை உண்டு. பணத்தாளிலும் நாணயத்திலும் மன்னர் படம் இருக்கிறது. கீழே உருண்டோடும் நாணயத்தைக் காலால் மிதித்து நிறுத்த வேண்டாம். காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் பூங்காவிலோ ரயில் நிலையத்திலோ தேசிய கீதம் ஒலிக்கும். எல்லோரும் நின்றுவிடுவார்கள். நீங்களும் நில்லுங்கள்.

இனி என் தொழில் சார்ந்த ஒன்று. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை. கிராண்ட் பேலஸ் என்னும் அரண்மனையின் மதிலோரம் நீங்கள் நடக்கும்போது நன்றாக உடுத்திய ஒருவர் வந்து பேச்சுக் கொடுப்பார். "இன்று அரண்மனையில் பூஜை, மதியம்தான் திறப்பார்கள். அதுவரை இந்த டுக்டுக் ஆட்டோவில் நாலைந்து கோயில் பார்த்துவிட்டு வாருங்கள், நாற்பது பாட் போதும்" என்பார். பாட் என்பது தாய்லாந்துப் பணம். போகும் வழியில் ஒரு கோயிலில் இன்னொருவர் தற்செயலாகச் சந்திப்பதுபோல வந்து, இன்றைக்கு மட்டும் அரசாங்கம் கற்களுக்கு வரி இல்லாமல் விற்க அனுமதித்திருப்பதாகச் சொல்வார். கடைசியில் டுக்டுக் ஒரு நகைக்கடை வாசலில் நிற்கும். இந்த நாடகத்தில் மூவரும் கூட்டாளிகள். அரண்மனை காலை 8.30-க்குத் திறந்துதான் இருக்கும். மூடியிருக்கிறதா என்பதை டிக்கெட் கவுன்டரில் இருப்பவர் மட்டுமே சொல்ல முடியும்.

கோவையிலிருந்து வந்த ஒரு தம்பதி அப்படி வாங்கிய நீலக்கல்லை என்னிடம் கொண்டுவந்தார்கள். மகள் திருமணத்துக்கென்று சேர்த்த பணம். கல் போலியில்லை. ஆனால் நிறம் வெளிறிய, மலிவான கல். கொடுத்த விலையில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஊரில் இரட்டிப்பு விலைக்கு விற்கலாம் என்று அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். ஒன்றை யோசித்துப் பாருங்கள். அப்படி விற்க முடிந்தால் எங்களைப் போன்ற வியாபாரிகளே அந்தக் கடை வாசலில் வரிசையில் நிற்கமாட்டோமா? தாய்லாந்தின் சந்தாபுரி என்ற ஊரில் மாணிக்கத்தையும் நீலத்தையும் சூடேற்றி நிறம் கூட்டுவது பல காலமாக நடக்கும் வெளிப்படையான தொழில். அதில் குற்றமில்லை. விற்பவர் அதைச் சொல்லாமல் மறைப்பதுதான் குற்றம். கல்லைப் பற்றித் தெரியாதவர் சுற்றுலாவில் கல் வாங்கவே வேண்டாம். ஆசை இருந்தால், பணம் கொடுக்கும் முன் கல்லைத் தாய்லாந்து அரசின் ஜி.ஐ.டி. ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். நேர்மையான கடைக்காரர் ஒப்புக்கொள்வார்.

அரண்மனைக்குள் இருக்கும் மரகத புத்தரைத் தவறாமல் காட்டுங்கள். பெயர்தான் மரகதம், செதுக்கியது பச்சை ஜேட் கல்லில். ஏறத்தாழ 66 செ.மீ. உயரமே இருக்கும் அந்தச் சிலைக்கு ஆண்டில் மூன்று முறை, பருவம் மாறும்போது, மன்னரே உடை மாற்றுகிறார். சன்னிதிக்குள் படம் எடுக்கக் கூடாது. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் 500 பாட். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். அம்மாவின் புடவை போதும், முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளட்டும். வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். பக்கத்திலேயே வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளத்தில் சயனித்திருக்கும் புத்தர் இருக்கிறார்.

போக்குவரத்தில் பெற்றோருக்கு எளிது ரயில்தான். வாட் போவுக்கு எம்.ஆர்.டி. என்னும் மெட்ரோ ரயிலில் சனாம் சாய் நிலையத்தில் இறங்கலாம். அங்கே லிப்ட் உண்டு. சாவ் பிரயா ஆற்றுப் படகு அழகானது, மலிவானது. ஆனால் துறையில் நொடிப்பொழுதுதான் நிற்கும். மூட்டுவலி உள்ளவர் தாவி ஏற வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். டாக்ஸியில் ஏறும் முன் மீட்டர் போடச் சொல்லுங்கள், 35 பாட்டில் தொடங்கும். மறுத்தால் புன்னகையோடு அடுத்த வண்டிக்குக் கைகாட்டுங்கள். சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து வந்தால் மீட்டருக்கு மேல் 50 பாட் கூடுதல், விரைவுச்சாலைக் கட்டணமும் உங்களுடையது. அவை ஏமாற்று அல்ல. ஏ.டி.எம்.மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட்டுக்குக் குறையாமல் பிடிப்பார்கள், எனவே மொத்தமாக எடுங்கள்.

அம்மாவின் சாப்பாட்டுக்கு ஒரே ஒரு சொல் போதும்: 'ஜே'. சைவம் என்பதற்கு 'மங்சவிராத்' என்றும் சொல்வார்கள், ஆனால் அதில் முட்டை வரும். 'ஜே' என்றால் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. வெங்காயம் பூண்டும்கூட இருக்காது. மஞ்சள் கொடியில் சிவப்பாக, பார்ப்பதற்கு 17 என்ற எண்போல, அந்தச் சொல் தாய்லாந்து எழுத்தில் இருக்கும் கடையைத் தேடுங்கள். மற்றக் கடைகளில் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் மீன்சாறு ஊற்றிய காய்கறி வந்துவிடும். காய்கறி என்றால் அவர்களுக்கு மீன்சாறு கணக்கில் வராது. 'மாய் சாய் நாம் ப்லா', மீன்சாறு வேண்டாம், என்பதையும் மனப்பாடம் செய்யுங்கள். பப்பாளிக்காய் சாலட்டில் உலர்ந்த இறால் சேர்ப்பார்கள், அதை அம்மாவுக்கு வாங்க வேண்டாம். சோறு உண்ணும்போது கரண்டி வலக்கையில், முள்கரண்டி இடக்கையில். முள்கரண்டி உணவைத் தள்ளுவதற்கு மட்டுமே, வாய்க்குப் போவது கரண்டிதான்.

வீட்டு ஞாபகம் வந்தால் சீலோம் சாலையில் தமிழர்கள் 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே கும்பிட வருபவர்களில் பெரும்பாலானோர் தாய்லாந்து மக்கள். அவர்கள் பூத்தட்டோடு மண்டியிட்டு அமர்ந்திருப்பதைப் பார்க்கையில் எனக்கு இன்றைக்கும் மனம் நெகிழும். சுற்றியுள்ள தெருக்களில் தென்னிந்திய உணவகங்களும் உண்டு. அப்பாவுக்குத் தேவாரம் திருவாசகத்தில் ஈடுபாடு இருந்தால் பழைய நகரில் இராட்சத ஊஞ்சலுக்கு அருகே இருக்கும் தேவஸ்தானம் என்ற பிராமணக் கோயிலையும் காட்டுங்கள். அரசவைப் பிராமணர்கள் அங்கே நடத்தும் 'த்ரியம்பவாய்' சடங்கின் பெயரே திருவெம்பாவையிலிருந்து வந்தது. அந்தச் சடங்கில் இருந்த ஊஞ்சலாட்டம் 1935-இல் நின்றுபோனது, பாடல் நிற்கவில்லை.

வருமுன் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். 2025 மே மாதத்திலிருந்து டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். வந்திறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் குடிவரவுத் துறையின் தளத்தில் இலவசமாக நிரப்பலாம். பணம் கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம். 2024 ஜூலையில் இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா இல்லாமல் 60 நாள் தங்க அனுமதி அறிவித்தார்கள். இத்தகைய சலுகைகள் மாறக்கூடியவை, டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத் தளத்தில் ஒருமுறை பாருங்கள். மின்சிகரெட்டைக் கொண்டுவரவே கூடாது, சட்டப்படி தடை. கைபேசியில் இரண்டு எண்களைப் பதிந்துகொள்ளுங்கள்: சுற்றுலாக் காவல்துறை 1155, ஆம்புலன்ஸ் 1669.

நவம்பர் என்பதால் கடைசியாக ஒன்று. பயண நாள்களை முடிவு செய்யும் முன் ஆற்றில் மிதவை விடும் 'லாய் கிராதோங்' திருவிழா எப்போது என்று பாருங்கள். பெரும்பாலும் நவம்பர் பௌர்ணமியில் வரும், சில ஆண்டுகளில் நம் திருக்கார்த்திகையை ஒட்டியும் அமையும். வாழைத்தண்டை வட்டமாக நறுக்கி, வாழையிலையை மடித்துச் சுற்றி, பூவும் மெழுகுவத்தியும் ஊதுவத்தியும் வைத்து ஆற்றில் விடுவார்கள். தண்ணீரைப் பயன்படுத்தியதற்காக, அசுத்தம் செய்ததற்காக, கங்கைத் தாயிடம் மன்னிப்புக் கேட்கும் நாள். அவர்களும் கங்கை என்றேதான் சொல்கிறார்கள், 'மே கோங்கா' என்று. மிதவையைத் துறையோரத்தில் விற்பார்கள். தெர்மாகோலில் செய்ததை வாங்காமல் வாழைத்தண்டில் செய்ததை வாங்குங்கள். அம்மா அதை இரு கையாலும் நெற்றிவரை உயர்த்தி, ஒரு நொடி கண்மூடி வேண்டிக்கொண்டு, குனிந்து தண்ணீரில் விடட்டும். படித்துறை வழுக்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.