நேவி ப்ளூவா, சார்கோல் கிரேயா?

கேள்வி: படிப்பறைக்கு அடர்நிறம் அடிக்க முடிவு செய்து, நேவி ப்ளூ, சார்கோல் கிரே இரண்டில் வந்து நிற்கிறோம். எனக்கு நீலம், கணவருக்குச் சாம்பல். ஷேட் கார்டில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. அறைக்கு ஒரே ஒரு சின்ன ஜன்னல். வேலை முடிந்து இரவில்தான் அங்கே உட்காருவோம். எதை அடிக்கலாம்?

பதில்: ‘இரவில்தான் உட்காருவோம்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் வழக்கைத் தீர்க்கப்போவதே அதுதான்.

முதலில் இரண்டு ஷேடுக்கும் எல்ஆர்வி எண்ணைப் பாருங்கள். பல கம்பெனிகள் இதை வெளியிடுகின்றன. சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்ற கணக்கு அது: முழுக் கருப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. இந்த மாதிரி நிறங்கள் பெரும்பாலும் 10க்குக் கீழேதான் இருக்கும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண் என்றால், அறை இரண்டிலும் ஒரே அளவுக்குத்தான் இருட்டும். அப்புறம் மிச்சமிருப்பது நிறச் சண்டை மட்டும்.

அதில் பல்புக்குத்தான் பெரிய பங்கு. 2700 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) மஞ்சள் பல்பின் வெளிச்சத்தில் நீலம் குறைவு. அதன் கீழே நேவி ப்ளூ கிட்டத்தட்ட கருப்பாகிவிடும். ஆசைப்பட்டு அடித்த நீலத்தைப் பகலில்தான் பார்ப்பீர்கள். இன்னும் வெண்மையான 4000 கெல்வின் பல்புக்கு மாறினால் நீலம் ஓரளவு மீளும். சார்கோலும் சாது இல்லை. உள்ளே நீலமோ பச்சையோ ஊதாவோ ஒளிந்திருக்கும். கார்டில் தெரியாதது முழுச் சுவரில் தெரியும்.

அதனால் பெரிய அட்டைகளில் இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்தபின் சுவரில் சாய்த்து வைத்து, இரவில் உங்கள் பல்பிலேயே பாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். நீலத்தின் அருகே சாம்பல் லேசாகப் பழுப்பேறித் தெரியும், பாவம். வெள்ளைச் சுவரில் சின்னதாக ஒரு திட்டு அடித்துப் பார்ப்பதும் வேண்டாம். சுற்றியுள்ள வெள்ளை அதை இன்னும் கருப்பாகக் காட்டும்.

மஞ்சள் பல்பை விட மனமில்லை என்றால் என் ஓட்டு உங்கள் கணவருக்கு. பல்பை மாற்றத் தயார் என்றால் நீலமே அடியுங்கள், ஆனால் எல்ஆர்வி ஒரு படி கூடியதாக.

எதுவானாலும் மேட் ஃபினிஷ் வாங்குங்கள். அடர்நிறத்தில் பளபளப்பு சேர்ந்தால் பட்டி பார்த்த மேடுபள்ளமெல்லாம் அம்பலமாகும். மேட் ஃபினிஷில் கைபட்ட இடம் தேய்ந்து மினுங்கும்தான். படிப்பறைக்கு அது பரவாயில்லை. பெயிண்டுக்கு முன் அடிக்கும் பிரைமரைச் சாம்பல் நிறம் கலந்ததாகக் கேட்டு வாங்குங்கள். வெள்ளைப் பிரைமர் என்றால் இரண்டு கோட்டோடு நிற்காமல் போகலாம்.